இரட்டைக்குழல் ரைபிளும் ஐந்து வகைத் தோட்டாவும்: ஒரு சோதனைக் குறிப்பு

இலக்குத் தாளை அவர் என் சமையலறை மேசையில் விரித்தபோது முதலில் கண்ணில் பட்டது அவருடைய கோபம்தான், ஓட்டைகள் அப்புறம். நூறு மீட்டரில் எட்டு முறை சுட்டிருந்தார். இடது ஓரத்து ஓட்டைக்கும் வலது ஓரத்து ஓட்டைக்கும் நடுவில் 19 செ.மீ. ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்தால்தான் எல்லாவற்றையும் மறைக்க முடியும். "புது ரைபிள். வாழ்நாள் சேமிப்பில் ஒரு பங்கு போயிருக்கிறது. இதுவா சுடும் லட்சணம்?" என்றார்.

அவர் என் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தச்சர், ஜெர்மனியின் தெற்கே பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நாற்பது ஆண்டுகளாக வேட்டை உரிமம் வைத்திருப்பவர். நான் வேட்டைக்காரன் அல்ல. ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் பாகங்களை அளந்து பார்க்கும் வேலையில் இருப்பவன். என்னிடம் அவர் வந்ததற்குக் காரணம் துப்பாக்கி அறிவு இல்லை, என்னிடம் நல்ல கேலிப்பரும் (நுட்பமாக அளக்கும் கருவி) பொறுமையும் இருக்கும் என்ற நம்பிக்கை. வாங்கிய கடையில் கேட்டதற்கு "குழலில் குறையில்லை, தோட்டாவை மாற்றிப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். எந்தத் தோட்டாவுக்கு மாற்றுவது என்று சொல்லவில்லை.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓட்டைகள் பரவலாகச் சிதறிக் கிடக்கவில்லை. இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு, நடுவில் வெற்று இடம்.

"இதில் எது எந்தக் குழல்?"

"குறித்துவைக்கவில்லையே. வரிசையாகச் சுட்டேன், அவ்வளவுதான்."

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் அடுத்த சில வாரங்கள் போயின. நூறு தோட்டாவுக்கு மேல் தீர்ந்தது.

துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இரட்டைக்குழல் என்றதும் வங்கி வாசல் காவலர் தோளில் தொங்கும் பன்னிரண்டு போர் (bore) அளவுத் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். அதன் குழல் உள்ளே வழவழப்பானது, சுடுவது ரவை, அதாவது ஒரு பிடி சிறு குண்டுகள். ரவை எப்படியும் பரவித்தான் போகும் என்பதால் இரண்டு குழலும் இம்மி பிசகாமல் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் அங்கே குறைவு. இது வேறு சாதி. உள்ளே புரி வெட்டிய இரண்டு குழல்கள், ஒவ்வொன்றும் ஒற்றைக் குண்டு சுடும், இரண்டும் ஈயப்பற்று போல உருக்கி ஒட்டப்பட்டு ஒரே துண்டாக இருக்கும். முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப்போன ஜிம் கார்பெட் .450/400 அளவில் இப்படி ஒன்று வைத்திருந்தார். இரண்டாவது வெடிக்கு எதையும் இழுத்துத் தள்ள வேண்டியதில்லை, விரலை ஒரு விசையிலிருந்து மற்றதற்கு நகர்த்தினால் போதும் என்பதுதான் இதன் ஒரே பெருமை. அந்தப் பெருமைக்கு விலையும் உண்டு.

பக்கத்து வீட்டுக்காரருடையது 9.3×74ஆர் என்ற அளவு. ஜெர்மனியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த, நீண்டு மெலிந்த, அடியில் விளிம்பு வைத்த தோட்டா. மத்திய ஐரோப்பாவின் இரட்டைக்குழல்களுக்கு இதுதான் வீட்டுச் சோறு. குழல் நீளம் 55 செ.மீ., வெறும் எடை 3.2 கிலோ. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் ஆட்களும் நாய்களும் காட்டைக் கலைக்க, ஓடிவரும் காட்டுப்பன்றியை நாற்பது ஐம்பது மீட்டரில் சுடுவதற்கென்று செய்தது.

உல்ம் நகரத்துச் சோதனைச்சாலை முத்திரை குழலில் இருக்கிறதே என்று அவர் அடிக்கடி சொன்னார். அந்த முத்திரை வேறு விஷயம். இந்தத் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 3400 பார். அதைவிட நாலில் ஒரு பங்கு கூடுதல் அழுத்தத்தில் வெடித்துப் பார்த்து, குழல் தாங்குகிறது என்று சான்று தருவதுதான் முத்திரை. எங்கே சுடும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

ஏன் இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடுவதில்லை

வலது குழல் வெடிக்கும்போது உதைப்பு துப்பாக்கியின் நடுக்கோட்டில் விழுவதில்லை. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளி விழுகிறது. அதனால் துப்பாக்கி நேராகப் பின்வாங்காமல், வாய் மேலெழும்பி வலப்புறம் திரும்புகிறது. குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு மில்லி செகண்டுக்குச் சற்றே அதிகம். அதற்குள்ளேயே இந்தத் திருப்பம் தொடங்கிவிடும். குண்டு வாயைவிட்டு வெளியேறும்போது அந்த வாய் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்கிறது, அந்த நகர்வையும் குண்டு தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. இடது குழலில் இதே கதை, திசை மட்டும் எதிர். குழல்களை அச்சு பிசகாமல் இணையாக ஒட்டினால் இரண்டு குண்டும் போகப் போக விலகிப்போகும்.

எனவே வாய்ப்பக்கம் குழல்களை நூலிழை அளவு உள்நோக்கிச் சாய்த்து ஒட்டுகிறார்கள். எவ்வளவு சாய்ப்பது? அதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட முடியாது. சுட்டுப் பார்க்க வேண்டும். வாயில் இருக்கும் சின்ன ஆப்பைச் சூடாக்கி நகர்த்த வேண்டும், மறுபடி ஒட்டி மறுபடி சுட வேண்டும். தொழிலில் இதற்கு ரெகுலேஷன் என்று பெயர். லண்டன், பர்மிங்ஹாம் பட்டறைகளில் இதற்கென்றே ஆள் இருந்தார்கள். துப்பாக்கியின் விலையில் கணிசமான பங்கு இந்த ஒட்டிப் பிரித்து ஒட்டும் வேலைக்குத்தான்.

ஆக, ரெகுலேஷன் என்பது உதைப்பையும் குண்டின் வேகத்தையும் முன்கூட்டியே கழித்து வைத்த கணக்கு. மெதுவான அல்லது கனமான குண்டு போட்டால் குழல் அதிகம் திரும்பிய பிறகு வெளியேறும், வலது குண்டு வலப்புறமும் இடது குண்டு இடப்புறமும் விலகும். வேகமான, லேசான குண்டு திரும்புவதற்குள் ஓடிவிடும். அப்போது உள்நோக்கிய சாய்வு மட்டும் மிஞ்சி, வலது குண்டு இலக்கின் இடப்பக்கமும் இடது குண்டு வலப்பக்கமும் போய் விழும். கத்தரி போடுவது என்று நாங்கள் இருவரும் இதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம்.

பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் குழலின் அடியிலேயே எந்த வெடிமருந்து, எத்தனை எடை, எந்தக் குண்டு என்று பொறித்திருப்பார்கள். .470 அளவு என்றால் 75 கிரெய்ன் கார்டைட் (அந்தக் கால வெடிமருந்து), 500 கிரெய்ன் குண்டு, அதாவது 32.4 கிராம். அது அலங்காரம் இல்லை, "இதைத் தவிர வேறு போட்டால் நான் பொறுப்பில்லை" என்ற எச்சரிக்கை. அந்த .470 பிறந்த கதையில் நமக்கும் ஒரு பங்குண்டு. ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி ரைபிளும் .450 அளவு என்பதால், கலகக்காரர் கைக்குக் குண்டு போய்விடும் என்று பயந்து பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்குள் அந்த அளவு வேட்டைத் துப்பாக்கிகள் வருவதைத் தடுத்தது. உடனே .465, .470, .475 என்று வரிசையாகப் புதுத் தோட்டாக்கள் வந்தன. ஒரு அரசாணைக்காகப் பட்டறைகள் எத்தனை முறை ஆப்பை நகர்த்தியிருக்கும் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஈயம் வேண்டாம் என்ற சட்டம்

இந்த வழக்கின் வேர் இங்கேதான். ஈயக் குண்டு பட்ட விலங்கின் குடலைக் காட்டில் விட்டுவிட்டு வர, அதைத் தின்ற வெண்வால் கடற்கழுகுகள் ஈய நஞ்சால் செத்தன. ஜெர்மனியில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் 2016 முதல் குளம்புள்ள விலங்குகளை ஈயக் குண்டால் சுடக் கூடாது. செம்பு அல்லது செம்புக் கலவைக் குண்டுதான்.

ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பு 8.9. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகிவிடும், தோட்டாவுக்குள் மருந்து இருக்க வேண்டிய இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் தயாரிப்பாளர்கள் எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுகிறார்கள். ஒற்றைக்குழல் ரைபிள்காரருக்கு இதனால் பெரிய தொந்தரவில்லை. தொலைநோக்கியில் நாலு சொடுக்கு திருப்பினால் முடிந்தது. இரட்டைக்குழலில் இரண்டு குழலுக்கும் சேர்த்து ஒரே குறிநோக்கிதான். ஒரு குழலுக்காகத் திருப்பினால் மற்றது இன்னும் தள்ளிப்போகும்.

துப்பாக்கிப் பெட்டியின் மூடியில் ஒரு துணிப்பை தைத்திருந்தது. அதற்குள் தொழிற்சாலையின் சோதனை அட்டை. ஐம்பது மீட்டரில் நான்கு ஓட்டைகள், எல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். கீழே தோட்டாவின் பெயரும் எடையும்: 18.5 கிராம், ஈய உட்கரு. அவர் அதைப் பார்த்ததே இல்லை. சமையலறை மேசைக்கு வந்த தாளில் சுட்டதோ 11.9 கிராம் செம்புக் குண்டு, கடைக்காரர் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டிக்கொடுத்தது. இதைச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. "அட்டையை யார் பார்க்கிறார்கள்" என்றார் கடைசியில்.

சோதனையும் முதல் நாள் சொதப்பலும்

ஐந்து வகைத் தோட்டா சேர்த்தோம். பெயரைச் சொல்லாமல் எழுத்துக் கொடுக்கிறேன். இந்த ஒரு துப்பாக்கியில் ஒத்துப்போகாததை வைத்துத் தோட்டாவைக் குறை சொல்ல முடியாது, பக்கத்துத் துப்பாக்கியில் அதுவே தங்கமாக இருக்கலாம். அ, தொழிற்சாலை அட்டையில் இருந்த வகை, 18.5 கிராம் ஈயம். ஆ, அவருடைய பழைய ஒற்றைக்குழலில் பல ஆண்டு ஓட்டிய 19 கிராம் ஈயம். இ, ஈ இரண்டும் 16.2 கிராம் செம்பு, தயாரிப்பாளர்கள் வேறு வேறு. உ, அந்த 11.9 கிராம் செம்பு. வேட்டைக்கு ஈயம் ஆகாது என்று தெரிந்தும் அ, ஆ இரண்டையும் சேர்த்தது ஒப்பிட்டுப் பார்க்கத்தான். தொழிற்சாலை சொன்னது இன்றும் உண்மையா என்று தெரியாமல் மற்றதை அளப்பதில் பொருளில்லை.

முதல் நாள் கூத்து முழுக்க என் தவறு. அளவியல்காரன் புத்தி, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போ என்று சொல்லும். வலது குழலில் தொடர்ந்து ஆறு, அப்புறம் இடது குழலில் ஆறு என்று சுடச் சொன்னேன். மூன்றாவது வெடியிலிருந்தே ஓட்டைகள் இடம் மாறி நகரத் தொடங்கின. இரண்டு குழலும் ஒட்டியிருக்கின்றன அல்லவா? ஒன்று சூடாகி நீண்டால் மற்றதை இழுக்கும், இரண்டும் வில்லாக வளையும். வேட்டையில் யாரும் ஒரே குழலில் ஆறு முறை சுடப்போவதில்லை. வலது ஒன்று, சில நொடியில் இடது ஒன்று, அதோடு துப்பாக்கியைத் திறந்தாயிற்று. சோதனையும் அப்படித்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டு தோட்டா வீண், ஒவ்வொன்றும் நாலைந்து யூரோ.

இன்னொன்றும் அன்றே தெரிந்தது. துப்பாக்கியின் முன்கட்டையை மணல்மூட்டை மேல் நேரடியாக அழுத்தி வைத்துச் சுட்டபோது ஒரு மாதிரி, இடது கையால் பிடித்து அந்தக் கையை மூட்டை மேல் வைத்தபோது வேறு மாதிரி. துப்பாக்கி திரும்புவதைத் தடுத்தால் ரெகுலேஷன் கணக்கே மாறிவிடும். தொழிற்சாலையில் அட்டைக்குச் சுட்டவரும் தோளில் வைத்துத்தான் சுட்டிருப்பார். அதனால் கை நடுவில் இருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டோம். எடை ஏற்றித் துப்பாக்கியை அசையாமல் பிடிக்கும் தாங்கிகள் மைதானத்தில் இருந்தன. அவற்றில் வைத்தால் உதைப்பு முழுதும் மரப்பிடியின் கழுத்தில் இறங்கி விரிசல் விடக்கூடும் என்பதால் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. தச்சருக்கு மரத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் ஒழுங்காகச் செய்தோம். ஒவ்வொரு வகைக்கும் குழலைத் துடைத்து, கணக்கில் சேராமல் ஒரு ஜோடி, அப்புறம் மூன்று ஜோடி. ஜோடிக்கு ஜோடி பத்து நிமிட ஆறுதல். முதல் சனி அ முதல் உ வரை, அடுத்த சனி உ முதல் அ வரை, சாயங்காலத்துத் தோள்வலி ஒரே தோட்டாவின் தலையில் விழாமல் இருக்க. ஒவ்வொரு ஓட்டையின் பக்கத்திலும் வலது குழலுக்கு வ, இடது குழலுக்கு இ என்று தாளில் குறித்தோம். குண்டின் வேகத்தை ஒரு டாப்ளர் ரேடார் பெட்டி அளந்தது. வெயில் 24 டிகிரி.

என்ன வந்தது

நான் பார்த்த எண்கள் மூன்று. வலது ஓட்டைகள் தங்களுக்குள் எவ்வளவு நெருக்கம், இடது ஓட்டைகள் எவ்வளவு நெருக்கம், இரண்டு கூட்டத்தின் நடுப்புள்ளிகளுக்கு இடையே பக்கவாட்டில் எவ்வளவு தூரம். மூன்றாவதை நடு இடைவெளி என்று சொல்கிறேன். வலது கூட்டம் வலப்பக்கம் இருந்தால் கூட்டல், கத்தரி போட்டால் கழித்தல். குழல் வாய்களே 20 மி.மீ. தள்ளி இருப்பதால், குண்டுகள் இணையாகப் பறந்தால் எந்தத் தூரத்திலும் இடைவெளி கூட்டல் 20 ஆகத்தான் இருக்க வேண்டும். பூஜ்யம் வந்தால் அந்தத் தூரத்தில் சேர்கின்றன, அதைத் தாண்டினால் கத்தரி என்று பொருள்.

ஐம்பது மீட்டரில் அ வகை நொடிக்கு 682 மீட்டர் வேகத்தில் கூட்டல் 18 மி.மீ. கொடுத்தது. தொழிற்சாலை பொய் சொல்லவில்லை, குழல்கள் ஏறக்குறைய இணையாகச் சுடுகின்றன. ஆ வகை 671 மீட்டர், கூட்டல் 27. எதிர்பார்த்தபடியே கனமும் மெதுவும் கொஞ்சம் விலக்கிவிட்டன. உ வகை 826 மீட்டர் வேகத்தில் கழித்தல் 68. முழுக் கத்தரி.

என்னை யோசிக்கவைத்தது நடுவில் இருந்த இரண்டும்தான். இ, ஈ இரண்டுக்கும் ஒரே எடை, ஒரே உலோகம். இ 741 மீட்டர், கழித்தல் 31. ஈ 709 மீட்டர், கழித்தல் 6. நொடிக்கு 32 மீட்டர் வேக வித்தியாசம் இரண்டரை சென்டிமீட்டராகத் தாளில் தெரிகிறது. வேட்டைக்காரர்கள் பேச்சில் "பதினாறு கிராம் போடு, பதினெட்டு போடு" என்று எடையைத்தான் சொல்வார்கள். இந்தத் துப்பாக்கிக்கு எடையை மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான்.

அப்புறம், நெருக்கம். வலது குழல் அ வகையில் 22 மி.மீ. வட்டத்துக்குள் ஆறு குண்டையும் போட்டது, இடது 27. கோபத்துக்கு ஆளான உ வகையில் வலது 21, இடது 26. இ வகையில் 19, 24. அதாவது குழல்கள் செம்பை ஈயத்துக்குக் குறையாமல், சில சமயம் ஒரு படி மேலாகவே சுடுகின்றன. அவர் தாளில் கண்ட 19 செ.மீ. துப்பாக்கியின் தள்ளாட்டம் இல்லை, ஒழுங்கான இரண்டு கூட்டங்கள் இடம் மாறி நின்ற கோலம். எல்லா ஓட்டையையும் சுற்றி ஒரே வட்டம் போட்டதுதான் பிழை. இரண்டு பேரை ஒரே தராசில் ஏற்றிவிட்டு யார் கனம் என்று கேட்பது மாதிரி.

உயரத்திலும் ஒரு வேடிக்கை. வேகமான குண்டு ஐம்பது மீட்டரில் குறைவாகத்தான் கீழிறங்கும். கணக்குப்படி உ வகை அ வகையைவிட 9 மி.மீ. மேலே பட வேண்டும். தாளில் 30 மி.மீ. கீழே பட்டது. வாய் மேலெழும்புவதற்குள் குண்டு வெளியே போய்விட்டதே காரணம். பக்கவாட்டில் கத்தரி போடவைத்த அதே விஷயம் மேல்கீழாகவும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இதைப் பார்த்தபோதுதான் எனக்கு மேற்கண்ட விளக்கத்தில் முழு நம்பிக்கை வந்தது.

நூறு மீட்டருக்குப் போகும் முன் ஒரு பந்தயம் கட்டினேன். வாயில் இடைவெளி 20, ஐம்பதில் இவ்வளவு என்றால், நேர்கோடு நீட்டி நூறில் என்ன வரும் என்று பென்சிலால் எழுதிவைத்தேன். அ கூட்டல் 16, ஆ கூட்டல் 34, இ கழித்தல் 82, ஈ கழித்தல் 32, உ கழித்தல் 156. வகைக்கு இரண்டு ஜோடி சுட்டோம். வந்தது முறையே கூட்டல் 21, கூட்டல் 45, கழித்தல் 90, கழித்தல் 27, கழித்தல் 149. நாலே குண்டில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. இந்தக் கோடுகளைத் திருப்பிப் படித்தால் குண்டுகள் எங்கே ஒன்றையொன்று கடக்கின்றன என்றும் தெரியும். உ வகையில் வாயிலிருந்து 11 மீட்டரிலேயே, இ வகையில் 20 மீட்டரில், ஈ வகையில் 38 மீட்டரில்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய தாளை எடுத்தேன். வ, இ குறி இல்லாவிட்டாலும் இரண்டு கூட்டத்தின் நடுப்புள்ளிகளை அளக்கலாமே. 152 மி.மீ. இடப்பக்கத்து நான்கும் வலது குழல் சுட்டவை. சமையலறைக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குழலுக்கு ஆறு குண்டு என்பது சிறிய எண்ணிக்கை. இந்த நெருக்கத்தில் நடுப்புள்ளியின் இடம் ஓரிரு மில்லிமீட்டர் ஆடத்தான் செய்யும். இரண்டு நடுப்புள்ளியின் வித்தியாசம் நாலு மில்லிமீட்டர் வரை இப்படியும் அப்படியும் இருக்கலாம். கழித்தல் 68 என்பதை யாரும் மறுக்க முடியாது. அ 18, ஆ 27 என்ற ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசத்தை வைத்து நான் பந்தயம் கட்டமாட்டேன்.

எதைப் போடுவது

அவருக்கு மூன்று வழி இருந்தது. துப்பாக்கியைத் தொழிற்சாலைக்கு அனுப்பி, தனக்குப் பிடித்த செம்புத் தோட்டாவுக்கு மறுபடி ஒட்டித்தரச் சொல்லலாம். காசும் மாதங்களும் போகும், அக்டோபரில் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. இரண்டாவது, வாயில் ஆப்பை நகர்த்தித் திருத்தும் வசதியுள்ள துப்பாக்கி வாங்குவது. உல்மிலேயே கிரீக்ஹோஃப் நிறுவனம் அப்படிச் செய்கிறது, ஆனால் அதை இந்தத் துப்பாக்கி வாங்கும் முன் யோசித்திருக்க வேண்டும். மூன்றாவது, துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைத் தேடிப் பிடிப்பது.

ஈ வகை ஐம்பது மீட்டரில் கழித்தல் 6. பன்றியின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு தட்டு அளவு. ஓடும் பன்றி, நிற்கும் மனிதர், துடிக்கும் நெஞ்சு, இதில் ஆறு மில்லிமீட்டரைப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு. நூறு மீட்டரில் மூன்று சென்டிமீட்டர் கத்தரியும் அவருக்குப் பொருட்டில்லை, ஏனென்றால் திறந்த குறிமுள்ளும் சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கியும் வைத்துக்கொண்டு அவர் அவ்வளவு தூரம் சுடுவதே இல்லை. உ வகையோ நாற்பது மீட்டரிலேயே குழலுக்குக் குழல் ஐந்து சென்டிமீட்டர் எதிரெதிராகப் போடுகிறது. முதல் குண்டு தவறி இரண்டாவதில் திருத்தலாம் என்று நினைப்பவரை அது ஏமாற்றும், வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்தால் அதற்கும் வலப்பக்கம் போகும். அவர் ஈ வகையைத் தேர்ந்தெடுத்தார், சிவப்புப் புள்ளியை இரண்டு கூட்டத்தின் நடுவுக்குத் திருப்பினார்.

என் மனதில் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது, குளிர். அந்தக் கால கார்டைட் வெயிலில் வெறியேறும் சாமான். இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகும் தோட்டாவில் மருந்தைக் குறைத்துப் போட்டார்கள். இன்றைய மருந்து அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் குளிரில் கொஞ்சம் சோம்பும். நாங்கள் அளந்தது செப்டம்பர் வெயிலில், அவர் சுடப்போவது டிசம்பர் பனியில்.

ஜனவரியில் ஒரு காலை, கழித்தல் 4 டிகிரி. தோட்டாப் பெட்டியை இரவே வண்டியில் விட்டுவைத்தார். நான்கு ஜோடி. வேகம் 698, அதாவது நொடிக்கு 11 மீட்டர் குறைவு. நடு இடைவெளி கூட்டல் 1. மெதுவானால் விலகும் என்ற விதிப்படி கழித்தல் 6 பூஜ்யத்தை நோக்கி நகர்ந்திருக்கிறது. அவருக்கு ஏகக் குஷி. குளிருக்கென்றே செய்த தோட்டா என்றார். ஏழு மில்லிமீட்டர் நகர்வு, அளவின் ஆட்டமே நாலைந்து மில்லிமீட்டர், இதை நிரூபணம் என்று சொல்லாதீர்கள் என்றேன். "உனக்கு எதுவும் நிரூபணம் இல்லை" என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியைத் துடைக்கப் போய்விட்டார்.

எண்ணெய் துடைக்காத குழலில் முதல் வெடி, குறிப்பாக இடது குழலில், மூன்று நாலு சென்டிமீட்டர் மேலே போகிறது என்பதை இரண்டு முறை பார்த்தோம். அதை இன்னும் ஒழுங்காகச் சோதிக்கவில்லை. வேட்டைக்குக் கிளம்பும் முன் குழலைக் காய்ந்த துணியால் துடைக்கிறார், இப்போதைக்கு அவ்வளவுதான்.

கடையில் ஈ வகையில் அதே லாட் எண்ணில், அதாவது ஒரே தொகுப்பாகத் தயாரானதில், எட்டுப் பெட்டி இருந்தது, எட்டையும் வாங்கி வந்தார். லாட் எண்ணைத் தொழிற்சாலை அட்டையின் பின்புறம் தச்சர் பென்சிலால் பெரிதாக எழுதி, அட்டையை மறுபடி மூடியின் பையில் வைத்திருக்கிறார். மிச்சமிருக்கும் ஆ வகை ஈயத் தோட்டாக்களை என்ன செய்வது என்று கேட்டேன். பழைய ஒற்றைக்குழலில் போட்டு மைதானத்தில் சுட்டுத் தீர்க்கப்போகிறாராம். புதியதில் பயிற்சிக்குக்கூட வேண்டாம் என்கிறார், கண் வேறு இடத்துக்குப் பழகிவிடும் என்று.